நய அவதானம்

சிங்களத்தில் கடனுக்கு 'நய' என்பார்கள். மண்சரிவுக்கு 'நாய'. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரேயொரு கால். அந்தக் காலைப் போடாமல் விட்டவன் நான். இப்போது எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் அக்காவிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் எனக்கு வேலை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை சிங்களம்தான். ஆணி, தகரம், பைப்பு, விலை, பேரம், சண்டை எல்லாமே. என் பேச்சைக் கேட்டு என்னைத் தோட்டத்துத் தமிழன் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்ன, நிறையவே. எங்கள் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் யாருக்குப் பொலிஸ், ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி என்று அலைய வேண்டி வந்தாலும், "தம்பியக் கூட்டிட்டுப் போங்க, அவன் பேசிக்குவான்" என்பார்கள். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெரிய மனிதனைப் போல முன்னால் நடப்பேன்.

அக்கா குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். அத்தான் இறந்தபிறகு, மூன்று வயது மகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மகள் ஏழாம் வகுப்பில் இருந்தாள், அம்மாவை 'நீங்க' என்று கூப்பிட்டாள். அக்கா அதற்கு அழவில்லை. பெட்டியைத் திறந்து மகளுக்கு வாங்கி வந்த சட்டைகளை எடுத்து வைத்தாள். எல்லாமே இரண்டு வயது சின்னதாக இருந்தன.

சட்டைகளோடு அவள் கொண்டுவந்தது ஓர் ஆசை. காளான் வளர்க்க வேண்டும். குவைத்தில் அந்த வீட்டம்மாவுக்கு வாரத்தில் நான்கு நாள் காளான் வேண்டுமாம். அக்கா கழுவுவாள், வெட்டுவாள், வதக்குவாள், தட்டில் வைப்பாள். ஒன்பது வருடத்தில் ஒரு துண்டைக்கூட வாயில் போட்டதில்லை. "ஒரு நா நானே வளத்து, நானே ஆக்கி, தட்டு நெறைய வச்சுத் திங்கணும்னு நெனப்பேன்டா" என்றாள். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருடம் உழைத்த பணத்தைக் காளானில் போடப் பார்க்கிறாளே, இவளுக்குப் பைத்தியமா என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அக்கா கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிற ஆள் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். முதலில் லயத்து அறையில், கட்டிலுக்கு அடியில், இருபது பை வைத்துப் பார்த்தாள். மர ஆலையிலிருந்து ரப்பர் மரத்தூள் வாங்கி வந்து, தவிடும் சுண்ணாம்பும் கலந்து, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, பீப்பாயில் ஆவியில் அவித்து, ஆறவைத்து, விதை போட்டாள். எல்லாம் ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. இருபதில் பதினொன்று கறுத்து அழுகிப்போயின. ஏன் அழுகின என்று மகளின் பழைய கொப்பியில் எழுதி வைத்தாள். அடுத்த தடவை நான்குதான் அழுகின. அதற்குப் பிறகுதான், கடைத்தெருவில் யார் வாங்குவார்கள், கித்துல்கலைப் பக்கத்து ஹோட்டல்களில் யார் வாங்குவார்கள் என்று ஆள் ஆளாகப் போய்க் கேட்டாள். மூன்றாவது தடவையும் சரியாக வந்தபிறகே இடம் தேடினாள். இவ்வளவு நிதானமாகக் கால் வைத்த ஒருத்தியை நான் எங்கள் தோட்டத்தில் பார்த்ததில்லை.

இடம் தோட்டத்து எல்லைக்கு வெளியே கிடைத்தது. கிராமத்துக்காரர் ஒருவருடைய பழைய ரப்பர் காணியில், ரோட்டுக்கு மேலே, சரிவில் பத்து பேர்ச் நிலம். அக்காவின் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதினார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு துண்டு மண்ணுக்கு உறுதி வைத்திருந்த முதல் ஆள் அவள்தான். கையெழுத்துப் போட்ட அன்று அந்த உறுதியை மாதா படத்துக்கு முன்னால் வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, மகளையும் பக்கத்தில் முழங்காலில் இருக்கச் சொன்னாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த இடத்தில் அவளுக்குப் பிடித்ததே அதன் ஈரம்தான். சித்திரை வெயிலிலும் மண் காயாது. மேட்டின் நடுவில், கல்லுக்கு அடியிலிருந்து ஒரு ஊற்று கசிந்துகொண்டேயிருக்கும். காளானுக்குக் குளிர்ச்சி வேண்டும், ஈரம் வேண்டும். "பாருடா, தண்ணி தெளிக்கிற வேலயில பாதி மிச்சம். எனக்குன்னே மாதா எடுத்து வச்ச எடம்" என்று வெறுங்காலோடு அந்த மண்ணில் நின்று சொன்னாள். காணியில் மிச்சமிருந்த ஏழெட்டு ரப்பர் மரங்கள், பஸ்ஸிலிருந்து இறங்க நிற்கிறவர்களைப் போல எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. காற்றுக்குச் சாய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மேட்டில் அவ்வளவு காற்று கிடையாது.

ஷெட் கட்ட அனுமதி வாங்க வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே விசாரித்து மனுப் போட்டாள். ஒரு திங்கட்கிழமை அதிகாரி ஒருவர் வந்தார். முழங்கால்வரை பூட்ஸ், கையில் ஒரு கம்பி. மண்ணைக் குத்திப் பார்த்தார், ஊற்றடியில் குனிந்து கொஞ்ச நேரம் இருந்தார், மரங்களைப் படம் எடுத்தார். அக்கா பிளேன்டீ போட்டு, சீனித் துண்டும் வைத்துக் கொடுத்தாள். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, விறுவிறுவென்று ரோட்டுக்கு இறங்கிப் போய், அங்கே நின்று குடித்தார். "என்னா மனுசன்டா, நம்ம எடத்துல நின்னு குடிச்சா தீட்டாயிருமா?" என்று அக்காவுக்குக் கோபம். எனக்கும்தான் கோபம். அவர் ஏன் அந்த மேட்டில் நின்று குடிக்கவில்லை என்பது எனக்குப் புரிய ஐந்து மாதம் ஆனது.

மனுவில் அக்கா கொடுத்திருந்தது என் ஃபோன் நம்பர். சிங்களத்தில் பேசினால் தம்பிதான் சரி என்று.

இரண்டு வாரம் கழித்து அழைப்பு வந்தது. அன்று காலைதான் நானும் அக்காவும் பாங்குக்குப் போய்வந்திருந்தோம். ஷெட்டுக்குப் பாதிப் பணம் கையில் இருந்து போடுவது, பாதி கடன் எடுப்பது என்பது அவள் கணக்கு. மிச்சப் பணம் மகளின் படிப்புக்கு அப்படியே இருக்கட்டும் என்றாள். பாங்கில் ஃபோன் பண்ணிச் சொல்கிறோம் என்றார்கள். நான் கடையில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பின்னால் ஒருவன் கம்பி அறுக்கிறான், ரோட்டில் லொறி ஹோர்ன். 'ஒபீஸ் எகென்', ஒபீசிலிருந்து, என்றது அந்தக் குரல். எந்த ஒபீஸ் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சிங்களம் பிடிபடாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற வீம்பு.

"நாய அவதானமக் தியெனவா, மல்லி" என்றார், தம்பி என்று உரிமையோடு. கடிதம் அனுப்புவதாகவும், அது வரும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். நான் "ஹரி சேர், ஹரி" என்று சரி போட்டேன்.

என் தலைக்குள் காலையிலிருந்து கடன்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே என் காதும் கடனைத்தான் கேட்டது. பக்கத்தில் கிடந்த நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்புறத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன்: நய அவதானம்.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. 'அவதானம' என்றால் சிங்களத்தில் ஆபத்து. அதே சொல் தமிழில் கவனம். ரோட்டோரப் பலகைகளில்கூட அவதானம் என்றுதான் போட்டிருக்கும். மண் சரியும் ஆபத்து இருக்கிறது என்று அந்த மனிதர் சொன்னார். அது என் காதில் நுழைந்து, என் பேனா வழியாக இறங்கி, அக்காவின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கடனில் கவனம் என்று ஆகியிருந்தது.

அக்கா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். "இப்பிடித்தான் சொன்னாங்களா?" என்று கேட்டாள். இப்படித்தான் என்றேன். "நல்லாக் கேட்டியா?"

"என்னாக்கா, என்னையவே சந்தேகப்படுறியா?"

"இல்லடா, கேட்டேன். நல்ல மனுசங்க. யாரு இந்தக் காலத்துல கடன் எடுக்காத, கவனமா இருன்னு சொல்லுவாங்க? அப்ப கடனே வேணாம்." தாளை நான்காக மடித்து மாதா படச் சட்டத்தில் செருகினாள். கடிதம் வரும்வரை பொறுக்கச் சொன்னார்களே என்று நான் ஞாபகப்படுத்தினேன். "அது கடனுக்குத்தானே? கடனே வேணாம்கும்போது கடுதாசி எதுக்கு?" என்றாள். மறுநாளே பாங்கில் போய்க் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மண்ணைக் குத்திப் பார்த்த மனிதரிடமிருந்து தகவல் வரவேயில்லையே என்று பிறகு ஒரு நாள் கேட்டாள். வேண்டாம் என்றால் இதற்குள் சொல்லியிருப்பார்கள் என்றேன். அதையும் நானேதான் சொன்னேன்.

அப்படித்தான் மகளின் படிப்புக்கு வைத்திருந்ததையும் எடுத்து, குவைத் பணம் முழுவதையும் அந்த ஈர மண்ணில் போட்டாள். நான் கடையில் சொல்லிக் குறைந்த விலைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தேன். சீமெந்துத் தரை, பலகைத் தட்டுகள், தண்ணீர் தெளிக்கக் குழாய். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "ஒரு சதம் கடன் இல்லாமக் கட்டுனது" என்று சொல்லிச் சொல்லி அவள் முகமே பளபளத்தது. பின்னால் நானே யோசித்துப் பார்த்தேன். கடன் எடுத்திருந்தால் பாங்குக்காரன் இடத்தைப் பார்க்க ஆள் அனுப்பியிருப்பான், அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டிருப்பான். அன்றே எல்லாம் நின்றிருக்கும். கடன் வாங்காமல் கவனமாக இருந்ததுதான் எங்களைக் கெடுத்தது.

லயத்து அறைகளுக்குத் தபால்காரன் வரமாட்டான். எல்லாக் கடிதமும் தோட்டத்து ஒபீசுக்குத்தான் போகும். அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும், யாராவது நினைத்துக்கொண்டால் எடுத்து வருவார்கள். ஷெட் கட்டி முடித்து, ஆயிரத்து இருநூறு பை அடுக்கி, வெள்ளை நூல் பையெங்கும் படர்ந்து, முதல் மொட்டுகள் எட்டிப் பார்த்த வாரத்தில் அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது. தொட்டதும் நொறுங்கும்போல உறை பழுப்பேறியிருந்தது.

சிங்கள எழுத்தில் கடனும் மண்சரிவும் முதல் எழுத்திலேயே வேறு. படிக்கிறவன் ஒருநாளும் மாற்றிப் படிக்க மாட்டான். நான் ஒபீஸ் வாசலில் நின்றே படித்தேன். அந்த இடத்தில் கட்டடம் எதுவும் கட்டக் கூடாது. மேட்டை வெட்டக் கூடாது. மழைக்காலத்தில் அங்கே யாரும் இருக்கக் கூடாது. கீழே போட்டிருந்த நம்பர், அன்று கடையில் என்னை அழைத்த அதே நம்பர், என் ஃபோனில் அப்படியே இருந்தது.

இதற்கு மேல் சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கம். கடிதத்தை நான் அக்காவிடம் கொடுக்கவில்லை. கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நான்கு நாள் திரிந்தேன். முதல் அறுவடை முடியட்டும், அவள் ஒரு தடவையாவது ஆக்கித் தின்னட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். உண்மையில் என் சிங்களத்தின் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த நான்கு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் ஷெட்டுக்குள் போய் அம்மாவோடு தண்ணீர் தெளித்தாள். வெளியே நின்று பார்த்தேன். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். மகள் அப்போதுதான் அம்மாவை 'நீ' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் அவள்தான் வந்து சொன்னாள். "மாமா, ஷெட்டு கதவு மூட மாட்டேங்குது. முந்தாநேத்துகூட மூடுச்சு."

போய்ப் பார்த்தேன். கதவு சரியாகத்தான் இருந்தது. நிலைதான் சாய்ந்திருந்தது. சீமெந்துத் தரையின் குறுக்கே மயிரிழைபோல ஒரு வெடிப்பு. ஊற்றுத் தண்ணீர் பால் ஊற்றிய தேயிலைச் சாயம்போலக் கலங்கி வந்தது. மகளைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்திவிட்டு, அக்காவிடம் கடிதத்தை நீட்டினேன். எனக்குச் சிங்களம் படிக்கத் தெரியாதே, நீயே படி என்றாள். படித்துத் தமிழில் சொன்னேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை 'நாய' என்று வந்த இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"அன்னிக்கி ஃபோன்ல சொன்னதும் இதுதானா?"

"ஆமாக்கா. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

"இந்தக் கடுதாசி எப்ப வந்துச்சு?"

பொய் சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. "நாலு நாளாச்சு" என்றேன்.

கையிலிருந்த காளான் கூடையைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தப்பாக் கேட்டத மன்னிச்சிருவேன்டா. யாருக்கும் வர்றதுதான். நாலு நாளா எம்புள்ள உள்ள நிக்கிறதப் பாத்துட்டு நின்னியே" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு பறிக்கப் போய்விட்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காளான் ஆக்கினாள். தட்டு நிறைய வைத்துக்கொண்டு, இரண்டு வாய் தின்றுவிட்டு, தட்டைத் தள்ளி வைத்தாள். மகள் மட்டும் ருசித்துச் சாப்பிட்டாள்.

அக்கா ஷெட்டை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. கழற்றிக்கொண்டு வந்து வேறு இடத்தில் போடலாம், நானும் கூட நிற்கிறேன் என்றேன். "எந்த எடத்துல? ஒங்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள். என்னிடம் என்ன இருக்கிறது, லயத்து நான்கு சுவர்தான். "பாதிப் பணத்தையாவது எடுத்துக்கிறேன்டா. ரெண்டு வெளச்சல். அதுக்கப்புறம் நானே பிரிச்சுருவேன்" என்றாள். பிறகு, எதையும் முறையாகச் செய்கிறவள் அல்லவா, ஆபத்துக்கும் ஒரு முறை வைத்தாள். ரப்பர் பால் வடிக்கிற சிரட்டை ஒன்றைக் கம்பியில் கட்டி, ஷெட்டுக்கு வெளியே, ரோட்டோரமாகத் திறந்த வெளியில், ஒரு கட்டையில் நிறுத்தினாள். ராத்திரி மழையில் சிரட்டை பாதி நிறைந்திருந்தால் அன்று உள்ளே ஒரு மணி நேரம் மட்டும். நிறைந்திருந்தால் மேட்டுப் பக்கமே போவதில்லை. மூன்று நாள் வெயில் அடித்தபிறகுதான் மறுபடி. மகளை மட்டும் அன்றிலிருந்து ரோட்டைத் தாண்டி மேலே ஏற விடவில்லை. அப்படியென்றால் ஆபத்து இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் முட்டாள் இல்லை, அதுதான் எனக்குப் பயம்.

முதலில் முறை ஒழுங்காக நடந்தது. சிரட்டை நிறைந்த ஒரு நாள், அக்கா ரோட்டிலேயே நின்று திரும்பினாள். அன்று உள்ளே பறிக்க ஆளில்லாமல் காளான் விரிந்து, ஓரம் மஞ்சளித்து, வீணாகப் போனது. அடுத்த நாள் சிரட்டையில் முக்கால்தான் இருந்தது. முக்காலுக்கு முறை ஏதும் இல்லை. மூன்று நாள் வெயில் என்ற பேச்சையே எடுக்காமல் உள்ளே போனாள், மூன்று மணி நேரம் இருந்தாள்.

வைகாசி பிறந்து பெரிய மழை தொடங்கியது. நான் வேலைக்குப் போகுமுன் மேட்டுக்குப் போய் வெடிப்பைப் பார்ப்பேன். முதலில் பத்து ரூபாய்க் காசு அதில் நுழையாது. பிறகு நின்றது. பிறகு உள்ளே விழுந்து காணாமல் போனது. இப்போது என் விரல் போகிறது. ஷெட்டுக்கு மேலேயும், புல்லுக்குள் மறைந்து, வளைந்துகொண்டு இன்னொரு வெடிப்பு ஓடுகிறது. அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்தாள். "அது மாடு மிதிச்சதுடா" என்றாள். அந்தப் பக்கம் மாடு வைத்திருக்கிறவர் யாரும் கிடையாது.

போன வாரம் கடைத்தெருவில் மழை கொட்டித் தீர்த்தது. கடை வாசலில் தண்ணீர் ஏறி, முதலாளி மூட்டைகளை மேலே தூக்கச் சொன்னார். மறுநாள் காலையில் சிரட்டையைப் பார்த்தால் அரை விரல் தண்ணீர். ஆற்றோரம் தண்ணீர் ஏறின ஊரில், பக்கத்து மேட்டில் அரை விரல். சிரட்டையைத் தொட்டுப் பார்த்தேன். வெளிப்புறம் நனைந்து வழிந்த தடம், உள்ளே கை விட்டுக் கொட்டிய தடம். இவ்வளவு நாளும் யாரை நம்பி அந்தச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. அவளிடம் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? நான் ஒரு கடிதத்தை மறைத்தவன். அவள் ஒரு சிரட்டைத் தண்ணீரை மறைக்கிறாள்.

இன்று காலையும் போனேன். ராத்திரி முழுக்கப் பெய்து, விடிந்தபோது கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ரோட்டிலிருந்தே தெரிந்தது, ஊற்று நின்றுபோயிருந்தது. இத்தனை மழையில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, அத்தனையும் மேட்டுக்குள்ளேயே தேங்குகிறது. எப்போதும் கேட்கிற அந்தச் சத்தம் இல்லாததால்தான் முதலில் எனக்கு ஏதோ தப்பு என்று பட்டது. கட்டையின் மேல் சிரட்டை கம்பியோடு கவிழ்ந்திருந்தது. காற்றில் விழவில்லை. துடைத்து, அழகாக, குப்புற வைத்திருந்தது.

உள்ளே அக்கா பாடிக்கொண்டிருந்தாள். கோயிலில் பாடுகிற பாட்டுத்தான், சொல் மறந்த இடத்தில் முனகிக்கொண்டு. குழாயில் தண்ணீர் தெளிக்கிற சத்தமும் கூடவே கேட்டது. நான் ரோட்டிலிருந்து மேலே ஏறவில்லை. அதிகாரி நின்று பிளேன்டீ குடித்த அதே இடத்தில் நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினேன். "அக்கா, வெளிய வா! ஊத்து நின்னுருச்சு! நாய அவதானம்!"

பாட்டு நின்றது. சாய்ந்த கதவிடுக்கில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரியாச் சொல்லுடா. இந்தத் தடவ எது, நயவா நாயவா?"

கால் போட்டு, மூச்சு இருக்கிறவரை இழுத்து, சொன்னேன். முகம் உள்ளே போய்விட்டது. தண்ணீர் தெளிக்கிற சத்தம் நிற்கவில்லை.